இலைவெட்டி எறும்புகள் தாங்கள் வெட்டும் இலையைத் தின்பதில்லையா? பிறகு ஏன் சுமக்கின்றன?

தின்பதில்லை. வெட்டும்போது கசியும் சாற்றைக் குடிக்கும், அவ்வளவுதான். இலை முழுவதும் உரத்துக்குத்தான் போகிறது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் இந்த எறும்புகள் பூஞ்சை பயிரிடும் உழவர்கள். நிகராகுவாவில் இவற்றைக் கவனித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் தாமஸ் பெல்ட் 1874-லேயே இதை எழுதிவிட்டார்.

கூட்டுக்குள் வந்த இலைத் துண்டை வேலைக்கார எறும்புகள் நக்கித் துடைத்து, மென்று கூழாக்கி, தங்கள் கழிவுத் துளியை அதன்மேல் விடுகின்றன. பழைய தோட்டத்திலிருந்து பூஞ்சை இழையைப் பிடுங்கி, நாற்று நடுவதுபோல் அதில் ஊன்றுகின்றன. என்னை மலைக்க வைப்பது அந்தக் கழிவுத் துளிதான். அதிலுள்ள நொதிகள் பூஞ்சை தந்தவை. எறும்பு பூஞ்சையைத் தின்றபோது உள்ளே போனவை, செரிக்காமல் குடலைக் கடந்து, மறுபடி பூஞ்சைக்கே உதவுகின்றன. எறும்பால் செரிக்க முடியாத இலையைப் பூஞ்சை சிதைத்து, இழை நுனிகளில் சத்து நிறைந்த குமிழ்களாகத் திருப்பித் தருகிறது. லார்வாக்கள் வளர்வது இதைத் தின்றுதான்.

களையும் உண்டு. எஸ்கோவோப்சிஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை புகுந்தால் தோட்டமே அழியலாம். எறும்புகள் அதைப் பிடுங்கி எறிகின்றன. சில இனங்களின் உடலில் வெள்ளைப் பொடிபோல் படர்ந்திருக்கும் பாக்டீரியா, அதை அடக்கும் வேதிப்பொருளையும் சுரக்கிறது.

புதிய ராணி தாய்க்கூட்டை விட்டுப் பறக்கும்போது, வாய்க்குள் இருக்கும் சிறு பையில் பூஞ்சை உருண்டை ஒன்றை எடுத்துச் செல்கிறது. மண்ணைக் குடைந்து, உருண்டையைத் துப்பி, தன் கழிவாலேயே உரமிடுகிறது. அந்த உருண்டை பட்டுப்போனால் புதுக்கூடும் இல்லை.