கறைக்கும் காரணம் வேண்டும்: ஒரு ஸ்பிட்ஃபயர் மாதிரி பற்றிய கேள்வி பதில்

1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 1 விமானத்தை 1/48 அளவில், அதாவது உண்மையில் நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்து முடித்துப் படங்களைக் காட்டியிருந்தேன். நான்கு மாதம் பிடித்தது. அதில் பாதி, ஏதாவது ஒன்று காய்வதற்காகக் காத்திருந்த நேரம். கேள்விகள் நிறைய வந்தன. பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: இதுவரை ஒரு மாதிரிகூடச் செய்ததில்லை. எந்த அளவில் தொடங்கலாம், ஐயா?

ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். 1/72 அளவில் அது 15.6 சென்டிமீட்டர், 1/48-இல் 23.4, 1/32-இல் 35 சென்டிமீட்டர். 1/72 மலிவு, அலமாரியில் இடமும் அடைக்காது. ஆனால் விமானியறைக்குள் இருக்கும் பொருட்கள் கடுகளவாகிவிடும். 1/32-இல் எல்லாம் பெரிதாகத் தெரியும், தவறுகள் உட்பட. 1/48 என்பதே என் பதில். ஒற்றை எஞ்சின் போர்விமானமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஞ்சின் விமானம் என்றால் எல்லா வேலையும் இரண்டு முறை. இரண்டாவது முறை செய்யும்போது அலுத்துவிடும்.

கேள்வி: பெட்டியைப் பிரித்ததும் பாகங்களைக் கழுவச் சொல்கிறார்களே, தேவையா?

தேவை. வார்ப்பு அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வரப் பூசும் எண்ணெய்ப் பசை பாகங்களில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பழைய பல் துலக்கி, அவ்வளவுதான். இதைச் சோம்பலால் விட்ட ஒரு மாதிரியில், வண்ணம் படக்கூடாத இடத்தை மூடும் மாஸ்கிங் டேப்பை உரித்தபோது இறக்கையின் பச்சை வண்ணம் முழுவதும் வாழைப்பட்டை உரிவதுபோல் டேப்போடு வந்துவிட்டது.

கேள்வி: உடலின் இரு பாதிகளும் சேரும் கோடு எவ்வளவு தேய்த்தாலும் வண்ணம் அடித்தபின் தெரிகிறது. என்ன செய்வது?

பசையில் கஞ்சத்தனம் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தப் பசை ஒட்டும் பசை அல்ல. பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக உருக்குகிறது. இணைப்பை அழுத்தும்போது உருகிய பிளாஸ்டிக் மெல்லிய முத்துவரிசையாக வெளியே பிதுங்க வேண்டும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்தால் கோடு இருந்த இடமே தெரியாது. அப்படியும் பள்ளம் இருந்தால்தான் பட்டி. பிறகு சாம்பல் நிற பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) ஒரு பூச்சு அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். விரல் நகத்துக்குத் தட்டுப்படுவது கண்ணுக்கும் தட்டுப்படும்.

கேள்வி: விமானியறைக்குள் இவ்வளவு வேலை எதற்கு? மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் திறந்துதான் வைத்தேன்! ஸ்பிட்ஃபயரின் இடப் பக்கத்தில் ஒரு சிறு கதவு உண்டு; அதைத் திறந்து வைத்தால் உள்ளே பார்வை போகும். சாம்பல்கலந்த பச்சை அடித்து, நீர்த்த கறுப்பு எனாமலை மூலைகளில் இறக்கி, மேடான விளிம்புகளில் மட்டும் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் வெளிர்பச்சையைத் தடவினேன். உள்ளே கண்ணை முதலில் இழுப்பது இருக்கைப் பட்டைகள்தான். அதில் நேரம் செலவிடுங்கள். மிதிகட்டைகளுக்கு நான் செய்த வேலை வீண். கைவிளக்கு அடித்தாலும் தெரியவில்லை.

கேள்வி: பச்சையும் பழுப்பும் எந்த இடத்தில் வர வேண்டும், அடிப்பகுதி என்ன நிறம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

குழப்பம் உண்மையிலேயே இருந்தது. அதனால்தான், "ஸ்பிட்ஃபயர் செய்கிறேன்" என்று தொடங்காமல், ஒரு குறிப்பிட்ட விமானத்தை, ஒரு குறிப்பிட்ட மாதத்தில் செய்யுங்கள் என்கிறேன். 1940 கோடையில் மேற்பரப்பு அடர்பச்சையும் மண்பழுப்பும். அடிப்பகுதி அந்த ஆண்டு ஜூனுக்கு முன் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. அதன் பிறகு 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை-நீலம். உத்தரவு வந்தவுடன் எல்லாத் தளங்களிலும் அந்த வண்ணம் கைவசம் இருக்கவில்லை. இருப்பதைக் கலந்து அடித்தார்கள். ஆகவே உங்கள் ஸ்கை கொஞ்சம் நீலம் தட்டினால் ஒருவரும் வழக்குப் போட முடியாது. 1941 ஆகஸ்டில் பழுப்பு போய்ச் சாம்பல் வந்துவிட்டது. பிரிட்டனில் பறந்த 1942 விமானத்துக்குப் பழுப்பு அடித்தால்தான் தவறு.

வண்ணத் திட்டுகளுக்கு 'ஏ', 'பி' என இரு அமைப்புகள். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். பெரும்பாலும் விமானத்தின் வரிசை எண் இரட்டைப்படை என்றால் ஏ, ஒற்றைப்படை என்றால் பி. டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) தாளில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு வண்ணத்தைத் தொடங்குங்கள்.

இரு நிறங்கள் சந்திக்கும் விளிம்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். உண்மை விமானத்தில் 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு நிறம் மற்றொன்றில் கரைந்தால் 1/48-இல் அது அரை மில்லிமீட்டர். நான் மெழுகுக் களிமண்ணைக் கயிறு போல் உருட்டி விளிம்பில் வைத்து அடித்தேன். எதையும் வைக்காமல் வெறுங்கையால் அடித்தால் பெரும்பாலும் புகைபோல் பரவி, விமானத்துக்குப் பதில் பொம்மையை நினைவூட்டும்.

இன்னொன்று: குப்பியில் உள்ள நிறம் உண்மை விமானத்தின் நிறமாகவே இருந்தாலும் சிறிய மாதிரியில் அடர்ந்து தெரியும். தூரத்து மலை வெளிறித் தெரிகிறதல்லவா, அந்தக் கணக்குதான். பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு வெளிர்சாம்பல் கலந்தேன். வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும்.

கேள்வி: ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) வாங்கியும் வண்ணம் சிலந்திக் கால்கள் போல் தெறிக்கிறது. அழுத்தம் எவ்வளவு?

சிலந்திக் கால் என்றால் வண்ணம் நீர்த்துவிட்டது, அல்லது அழுத்தம் அதிகம், அல்லது மிக அருகில் பிடிக்கிறீர்கள். கிண்ணத்தின் சுவரில் வண்ணம் வழிந்து இறங்கும்போது பால் போலத் தடம் விட வேண்டும். மோர் போல் ஓடினால் அதிகம். 0.3 மில்லிமீட்டர் முனைக்கு 1 முதல் 1.4 பார், அதாவது 15-20 பிஎஸ்ஐ. முதல் பூச்சு ஒழுங்காக மூடவில்லையே என்று அங்கேயே நிற்காதீர்கள். மூன்று மெல்லிய பூச்சு.

கேள்வி: ஏர்பிரஷ் இல்லை. தூரிகையால் முடியாதா, அண்ணா?

முடியும், தம்பி. அகலமான மென்தூரிகை, நீர்த்த அக்ரிலிக், ஒரு பூச்சு நெடுக்கில், காய்ந்தபின் அடுத்தது குறுக்கில். ஒருமுறை தொட்ட ஈர இடத்துக்குத் திரும்பப் போகாமல் இருந்தால் போதும். அழகான மாதிரிகள் ஏர்பிரஷ் பரவுவதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தன.

கேள்வி: டெக்காலைச் சுற்றிலும் பளபளவென்று வெள்ளிப் படலம் தெரிகிறது.

மங்கிய வண்ணத்தின் மேல் நேரடியாக ஒட்டியிருப்பீர்கள். மங்கல் என்பது நுண்ணிய மேடுபள்ளம். டெக்காலின் அடியில் அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டு வெள்ளியாய் மின்னுகிறது. வண்ணத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். டெக்காலை மென்மையாக்கும் திரவம் தடவியதும் அது சுருங்கிக் கோணலாகும். பதறித் தொட்டால் கிழியும். அரை மணி நேரம் அறையை விட்டு வெளியே போய்விடுவது நல்லது. திரும்பி வரும்போது தானாகப் படிந்திருக்கும். எல்லாம் முடிந்தபின் மங்கல் வார்னிஷ். ஏற்கெனவே வெள்ளி பூத்துவிட்டதா? ஊசிமுனையால் நாலைந்து துளை குத்தி அதே திரவத்தை விடுங்கள். முக்கால்வாசி சரியாகும்.

கேள்வி: தகடுகளுக்கு இடையிலுள்ள கோடுகளைக் கறுப்பால் நிரப்பலாமா?

என் முதல் மாதிரியில் நிரப்பினேன். விமானம் குளியலறை ஓடு பதித்த சுவர் போல் வந்தது.

கணக்குப் பார்ப்போம். 0.1 மில்லிமீட்டர் கோடு 1/48-இல் நிஜத்தில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். தகடுகளுக்கிடையே அரை சென்டிமீட்டர் சந்து விட்டுப் போர்விமானம் செய்த தொழிற்சாலையை எந்த விமானப்படையும் பொறுத்துக்கொண்டிருக்காது. ஸ்பிட்ஃபயரைச் செய்தவர்கள் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைக்கூடச் சும்மா விடவில்லை. எந்த இடத்தில் தலை துருத்தினால் வேகம் குறைகிறது என்று அறிய, சோதனை விமானத்தின் வழவழப்பான ரிவெட்டுகள் மேல் உடைத்த பட்டாணியை ஒட்டிப் பறந்து பார்த்து, பிறகு பகுதி பகுதியாகப் பிய்த்தெடுத்து மறுபடி பறந்தார்கள். அப்படிப்பட்ட இறக்கையில் நாம் வாய்க்கால் வெட்டுகிறோம்.

கறுப்புக்குப் பதில், அந்தந்த வண்ணத்தைவிடச் சற்றே அடர்ந்த நிறம் எடுங்கள்: பழுப்புக்கு அடர்பழுப்பு, ஸ்கைக்கு நடுத்தரச் சாம்பல். எனாமல் அல்லது எண்ணெய் வண்ணக் கரைசலாக இருக்கட்டும். அடியிலுள்ள அக்ரிலிக் வார்னிஷை அது கரைக்காது. கழற்றி மாட்டும் எஞ்சின் மூடிகளுக்கும் அசையும் பாகங்களுக்கும் மட்டும் கோட்டைக் கொஞ்சம் கூடுதலாக அடர்த்தியாக்குங்கள்.

கேள்வி: உங்கள் விமானத்தில் அழுக்கு மிகக் குறைவாக இருக்கிறது. போர் விமானம் இன்னும் அடிபட்டிருக்க வேண்டாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆண்டு கோடையில் பல விமானங்கள் வண்ணம் பழையதாகும் அளவுக்கு உயிரோடு இருக்கவில்லை. வந்தன, சில வாரம் பறந்தன, விழுந்தன. அடிபட்ட பழைய விமானம் வேண்டுமென்றால் வேறு களத்தைத் தேடுங்கள்.

நான் ஒவ்வொரு கறையையும் வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: இங்கே யார் வந்தார், எதற்கு வந்தார்? விமானி இடப் பக்கக் கதவால் ஏறுகிறார். பட்டையைக் கட்டிவிட ஆள் இறக்கையின் அடிப்பகுதியில் நிற்கிறார். ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பூட்ஸ் தேய்த்த தடம். வலப் பக்கம் குறைவு. எரிபொருள் நிரப்பும் மூடி முன்கண்ணாடிக்கு முன்னால், உடலின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து சிந்திய பெட்ரோல் இருபுறமும் வழிந்து காய்ந்த கோடு. இயந்திரத் துப்பாக்கி வாய்களை ஈரமும் தூசியும் போகாமல் சிவப்புத் துணிப் பட்டை ஒட்டி மூடியிருப்பார்கள். சுட்டபின்தான் அது கிழியும், கரி படியும். நான் எட்டையும் முழுதாக விட்டேன்: என் விமானம் அன்று இன்னும் கிளம்பவில்லை. எனவே இறக்கையின் அடியில் புகைக்கறையும் இல்லை. பட்டையை முழுதாக வைத்துவிட்டு அடியில் கரியைப் பூசியிருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

பலர் தவறும் இடம் ஒன்று. அலுமினியம் தெரியும்படி வண்ணத்தைப் பெயர்ப்பார்கள். வாலின் சுக்கானிலும் பெயர்ப்பார்கள். சுக்கானும் கிடைச் சுக்கான்களும் துணி போர்த்தியவை; மார்க் 1-இல் இறக்கை நுனி எய்லரான்களும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்கள்) துணிதான். துணியைச் சுரண்டினால் வெள்ளி தெரியாது.

செய்யும் முறை: பஞ்சுத்துண்டைப் பிய்த்து அலுமினிய வண்ணத்தில் தொட்டு, தாளில் ஒற்றி ஒற்றி, இனி ஒன்றும் ஒட்டாது என்று தோன்றும்போது மாதிரியில் ஒற்றுங்கள். புகைக்குழாய்க் கறைக்கு மிக நீர்த்த கரும்பழுப்பு, அதன் நடுவில் மெல்லிய வெளிர்சாம்பல். பெட்ரோலில் இருந்த ஈயம் அப்படி வெளிறிப் படியும். வெறும் கறுப்பு, அடுப்புக்கரி போலத்தான் இருக்கும்.

கேள்வி: கண்ணாடிக் கூண்டில் வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. தேய்த்தும் போகவில்லை.

சூப்பர் குளூ. அதன் ஆவி செய்த வேலை. கண்ணாடிப் பாகத்துக்குக் காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசை மட்டும். இப்போது மிக நைசான தாளால் தேய்த்து, மெருகுப்பசை போட்டு, பளபளப்பு அக்ரிலிக்கில் முக்கியெடுங்கள். தேறினாலும் தேறும்.

கேள்வி: அடுத்து மஸ்டாங் பி-51 செய்யப் போகிறேன். இதே முறைதானா?

கோடுகளில் மாறுகிறது. மஸ்டாங் இறக்கையின் முன்பகுதியில் தகட்டு இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் தொழிற்சாலையிலேயே பட்டி வைத்து மூடி, தேய்த்து, வெள்ளி வண்ணம் அடித்தார்கள். ஆகவே கிட்டில் (பெட்டியில் வரும் பாகங்களில்) அங்கே கோடு இருந்தால் அடைத்துவிடுங்கள். உடல் வெறும் உலோகமாகவும் இறக்கை வெள்ளி வண்ணமாகவும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே உலோக நிறம் அடிக்காதீர்கள். எஞ்சின் நின்றபின், அதன் ஃபிளாப்புகளை (இறக்கையின் பின்விளிம்பு மடல்கள்) இயக்கும் எண்ணெயின் அழுத்தம் குறைந்து அவை தொங்கும். ஸ்பிட்ஃபயரில் அப்படிக் கிடையாது, தரையில் மூடியே வையுங்கள்.

1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கத்தின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் போடுவதாக இருந்தால், ஒவ்வொன்றும் 18 அங்குலம், 1/48-இல் 9.5 மில்லிமீட்டர். அவசரத்தில் கையால் பூசியவை. விளிம்பு கொஞ்சம் தள்ளாடட்டும்.

கேள்வி: இந்திய விமானப்படை ஸ்பிட்ஃபயர் ஒன்று செய்ய ஆசை.

8-ஆம் படைப்பிரிவு 1944-இல் வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானங்களை விட்டு ஸ்பிட்ஃபயர் மார்க் 8-க்கு மாறியது. மார்க் 9 கிட்டை வாங்கி ஏமாறாதீர்கள்: மார்க் 8-இல் வால் சக்கரம் உள்ளிழுத்துக்கொள்ளும். வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு வராது. ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாதென்று ஜப்பானுக்கு எதிரான களத்தில் அடர்நீலமும் வெளிர்நீலமும் மட்டுமே.

கேள்வி: லாக்கர் வகை வண்ணத்தின் வாசனை பிரச்சினையா?

ஆம். கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி அணியுங்கள். தூசிக்கான துணி முகமூடி இதற்கு உதவாது. சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் மெழுகுவத்தி வேண்டாம்.

கேள்வி: அந்த அலைவாங்கிக் கம்பி எப்படி இவ்வளவு மெல்லியதாக வந்தது?

பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல், சுழற்றிக் காட்டுங்கள் (லாக்கரை மூடி வைத்துவிட்டு, வேறொரு நாளில்). நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும் கணத்தில் சுடரை விட்டு எடுத்து இழுங்கள். வேகமாக இழுத்தால் தலைமயிர் அளவு, மெதுவாக இழுத்தால் தடிமன். கம்பத்தின் உச்சியிலிருந்து சுக்கானின் உச்சிக்கு ஒன்று. இரு முனையிலும் ஊசிமுனை அளவு பசை. ஒட்டியபின் ஊதி அணைத்த தீக்குச்சியின் சூட்டைத் தூரத்தில் காட்டினால் தொய்வு நீங்கி விறைத்துக்கொள்ளும்.

படத்தில் இருப்பது மூன்றாவது கம்பி. முதலாவது தீக்குச்சியை அருகில் கொண்டுபோனதால் போயிற்று. இரண்டாவதை, படம் எடுப்பதற்காகத் தூசி துடைத்தபோது நானே அறுத்தேன்.