ஆற்றில் அரிய மீன் ‘இல்லை’ என்கிறது அறிக்கை: நாமே பார்க்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிக் கரையில் 12 ஹெக்டேரில் கல்குவாரி வரப்போகிறது. ‘அரிய மீன் ஏதும் இல்லை’ என்கிறது சுற்றுச்சூழல் அறிக்கை. ஊர்க்காரர்களே மீன் கணக்கெடுக்கலாமா? தண்ணீரைச் சோதித்து ‘சர்டிபிகேட்’ வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார்.

பதில்: அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சர்டிபிகேட்டே கிடையாது. தண்ணீரில் மீனின் டிஎன்ஏ தேடும் முறை உண்மைதான். ஆனால் எந்த இடத்தில், எந்த நாளில், யார் எடுத்த தண்ணீர் என்ற பதிவு இல்லாத முடிவை யாரும் மதிக்க மாட்டார்கள். இந்த இடைத்தரகர்கள் இன்று உங்களிடம் வருவார்கள், நாளை குவாரிக்காரரிடம் போவார்கள்.

முதலில் அறிக்கையின் மீன் பக்கத்தைப் படியுங்கள். எந்த மாதம் பார்த்தார்கள், என்ன வலை போட்டார்கள்? பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத் தரவே போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே தண்ணீர் வற்றிய கோடையில் வந்து, பெரிய கண் வலையை ஒரு கசத்தில், அதாவது ஆழமான மடுவில், போட்டுவிட்டுப் போகிறார்கள். புதுவெள்ளத்தில் முட்டையிட மேலேறும் மீன் அதில் எப்படி அகப்படும்? எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் இது மாறுவதாக இல்லை.

நீங்கள் தேட வேண்டியது தாமிரபரணிக்கே உரிய டாக்கின்சியா தாம்பிரபரணியை என்ற சிறு கெண்டை. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள மீன். உடம்பில் கரும்திட்டுகள், வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீட்சி. இதன் உறவான சாதாரண கெண்டையின் குஞ்சுக்கும் திட்டுகள் உண்டு, வளர வளர மறையும். அதனால் குஞ்சைக் காட்டி வாதாடாதீர்கள். வளர்ந்த மீனைக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீரோடு விட்டு, துடுப்பு விரிந்திருக்கும்போது பக்கவாட்டில், அளவுகோலோடு படமெடுங்கள். ஈரக்கையால் தொட்டு, அதே இடத்தில் விட்டுவிடுங்கள். குவாரிக்கு மேலே, நேரே, கீழே என மூன்று இடங்களிலும் ஓட்டத்திலும் கசத்திலும் பாருங்கள். வலை வெறுமையாக வந்தாலும் எழுதி வையுங்கள். சந்தை மீன் வேண்டாம். அது எந்த ஆற்று மீன் என்று யார் சொல்வது?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வலையோடு இறங்காதீர்கள். பிடித்து உடனே விட்டாலும் குற்றம்தான், மீனவர் துணைக்கு வந்தாலும் குற்றம்தான், பிடிபட்டது வெறும் அயிரை என்றாலும் குற்றம்தான். எல்லை எங்கே என்று ஊரில் விசாரிப்பதோடு நிற்காமல் வனச்சரக அலுவலகத்தில் வரைபடம் பாருங்கள். வழக்கு உங்கள் மேல் விழுந்தால் மீனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

படங்களை ஆழ்வார்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் மையம் போன்ற இடத்தில் காட்டி, இனத்தை எழுத்தில் வாங்குங்கள். குவாரி பற்றிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாளாவது முன்னறிவிப்பு தர வேண்டும். அதற்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனுவாகக் கொடுத்து, பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள். கூட்ட முடிவில் பதிவானதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மீன் விஷயம் அதில் விட்டுப்போயிருந்தால் எழுந்து நின்று, அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.