கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஓவியம்

கேள்வி: மகள் வரைந்த ஏ4 வாட்டர்கலர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினோம். இரண்டு மழைக்காலம் போனதும் தாள் நெளிந்து, நடுவில் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. ஓரமும் பழுப்பேறிவிட்டது. அடுத்த படத்தை வீட்டிலேயே சட்டம் போடலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஒட்டியிருப்பதைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். நிறத்தோடு தாளின் மேல்தோலும் உரிந்துவிடும். தண்ணீர் பட்டால் வாட்டர்கலர் கரையும். கண்ணாடியோடு சேர்த்தே படுக்கைவசமாக, தாள் ஓவியங்களைச் சீர்செய்யும் கன்சர்வேட்டரிடம் கொண்டுபோங்கள்.

தாள் ஈரம் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் விரிய இடமில்லாமல் நெளியும். நெளிந்த மேடு கண்ணாடியைத் தொட்டு, அங்கே கோக்கும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். பழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பின்னால் வைத்த ஹார்ட்போர்டிலிருந்து இறங்கும் அமிலமும் செல்லோடேப்பின் பசையும்.

அடுத்த படத்தை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். அமிலமற்ற மவுண்ட் போர்டு (சட்டத்துக்குள் வைக்கும் தடித்த அட்டை) இரண்டு வாங்குங்கள்: ஒன்று முன்னால், படம் தெரியும்படி ஜன்னல் வெட்ட, மற்றது படத்தின் பின்னால். முன்போர்டின் தடிமன்தான் படத்தைக் கண்ணாடியில் படாமல் தள்ளி வைக்கும். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. போர்டு தாளின் மேல் படியவேண்டும் என்பதால் ஜன்னல் 204 × 291. மேலேயும் இரு பக்கங்களிலும் 60, கீழே 70 மி.மீ. விளிம்பு விட்டால் போர்டு 324 × 421. கீழே சமமாக விட்டால் படம் சரிந்து இறங்கியதுபோல் தெரியும். சட்டத்தின் உள்அளவு இதைவிட 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், போர்டும் விரியும்.

வெட்டுவது பின்பக்கத்திலிருந்து. அடியில் வேண்டாத அட்டை, ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு. ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல் மூன்று நான்கு தடவை இழுங்கள். மழுங்கிய பிளேடு அறுக்காது, கிழிக்கும். மூலையில் பிசிர் நிற்கும். 45 டிகிரி சாய்வெட்டுக்கு அதற்கான கட்டர் வேண்டும். கையால் வெட்டும்போது நேர்வெட்டே போதும், அதுவும் அழகுதான்.

படத்தை மேல் விளிம்பில் மட்டும், இரண்டே இடத்தில் தொங்கவிட வேண்டும். இதுதான் உயிர்நாடி. ஜப்பானிய டிஷ்யூ தாளை (மெல்லிய, உறுதியான நார்க்காகிதம்) 25 மி.மீ. அகலத்தில் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த நார்முனை முன்பக்கம் தடம் காட்டாது. கோதுமை ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் படத்தின் பின்னால் 8 மி.மீ. அளவுக்கு மட்டும் தடவி ஒட்டுங்கள். மீதித் துண்டைப் பின்போர்டில் வைத்து, அதன்மேல் குறுக்கே இன்னொரு துண்டு. பிளாட்டிங் தாள் (ஈரம் உறிஞ்சும் தாள்) வைத்துக் கனமான புத்தகத்தை ஒரு மணி நேரம் ஏற்றுங்கள். சட்டம் தவறி விழுந்தால் டிஷ்யூ கிழியவேண்டும், படம் அல்ல. ஃபெவிகால் இங்கே ஆகாது. காய்ந்தபின் எளிதில் விடாது.

பின்பக்கம் காகித டேப்பால் மூடி, கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். நேர் வெயில் படும் சுவரும் வெளிச்சுவரின் ஓதமும் வேண்டாம்.

கேள்வி: கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வாட்டர்கலருக்குப் போடலாம். எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும். மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள், அமோனியா கலந்த திரவம் கூடாது. சாஃப்ட் பேஸ்டல், கரி ஓவியங்களுக்குக் கண்ணாடிதான். அக்ரிலிக்கைத் துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம், தாளிலிருந்து துகளையே இழுத்துக்கொள்ளும்.