டாக்டர் யாரிடம் சொல்லலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நோயாளியின் உடல்நிலை விவரங்களைக் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் எவ்வளவு தூரம் பகிரலாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். சட்டத்தின் நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அந்த விவரம் நோயாளிக்குச் சொந்தம் என்பதில் எங்கும் மாற்றமில்லை. என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம்.

அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது, மாத்திரை கொடுப்பது, பில் கட்டுவது எல்லாம் நான்தான். போனில் ரிப்போர்ட் பற்றிக் கேட்டால் மட்டும், "அப்பாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் டாக்டர். பெற்ற மகனுக்கே உரிமை இல்லையா?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் மகன் என்பதாலோ பில் கட்டுவதாலோ உரிமை வந்துவிடாது. அப்பா யோசித்து முடிவெடுக்கும் தெளிவோடு இருக்கிறார் என்றால், அவர் சரி என்றால்தான் டாக்டர் வாய் திறக்க முடியும். அதிலும் போனில் பேசுவது மகன்தானா என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அதே சமயம், ரகசியம் என்ற பெயரில் வீட்டாரை வாசலோடு நிறுத்திவிடுவதும் தவறுதான். அமெரிக்காவில் 1996-இல் வந்த, நோயாளியின் விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டம் என்றாலே யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவமனை ஊழியர்களே அப்படிச் சொல்வதுண்டு. உண்மையில் அதன் விதிகள், நோயாளி சம்மதித்தாலோ, கேட்டும் அவர் மறுப்புச் சொல்லாவிட்டாலோ, அவரைப் பார்த்துக்கொள்கிற உறவினரிடமும் நெருங்கிய நண்பரிடமும் பேச இடம் கொடுக்கின்றன. அவர் செய்கிற உதவிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சொல்ல வேண்டும். மாத்திரை கொடுப்பவருக்கு வேளையும் அளவும் பக்கவிளைவும் தெரிய வேண்டும். அப்பாவின் பழைய மருத்துவக் கதை முழுவதும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த முறை அப்பாவோடு உள்ளே போங்கள். "இவனிடம் சொல்லலாம்" என்று அவரே டாக்டரிடம் சொல்லட்டும். உங்கள் பெயர், போன் எண், எதையெல்லாம் சொல்லலாம் என்பதைக் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு டாக்டர் பணியில் இருந்தாலும் அது பயன்படும்.

இதைப் படிக்கும் டாக்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகனைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "இவர் முன்னால் பேசலாமா?" என்று கேட்டால் எந்தத் தகப்பன் வேண்டாம் என்பார்? எடை பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்க அவரைத் தனியாக அழைத்துப் போகும்போது கேளுங்கள். "சர்க்கரையைப் பற்றிச் சொல்லுங்கள், சிறுநீர்ப் பிரச்சினையை மட்டும் சொல்ல வேண்டாம்" என்பது போன்ற பதில் அப்போதுதான் வரும். அந்தப் பதிலை மதித்தே ஆக வேண்டும்.

நோயாளி நினைவில்லாமல் கிடந்தால் யாரைக் கேட்பது?

அந்த நேரத்தில் டாக்டர் தன் மருத்துவ அறிவை வைத்து, நோயாளியின் நலனுக்கு எது தேவையோ அதை உடனிருப்பவரிடம் சொல்லலாம். நினைவு திரும்பியதும் மீண்டும் நோயாளியைத்தான் கேட்க வேண்டும். "இன்னாரிடம் சொல்ல வேண்டாம்" என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தால், மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அதை மீறக் கூடாது.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் முதலில் எங்களிடம்தான் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். சரிதானே?

அன்பினால்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் சரியில்லை என்றே சொல்வேன். முதல் தவறு டாக்டருடையது. அம்மாவைக் கேட்காமல் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது.

மறைப்பது நடைமுறையில் எப்படி முடியும் என்று யோசித்துப் பாருங்கள். கீமோதெரபி வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர், "உங்களுக்கு எந்த இடத்தில்?" என்று கேட்பார். முடி கொட்டும். நீங்கள் அறைக்கு வெளியே போய்ப் போன் பேசுவீர்கள். அம்மாவுக்குப் புரிந்துவிடும். புரிந்த பிறகும், உங்களுக்காகத் தெரியாதது போல இருப்பார். ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு, பயத்தைத் தனித்தனியே சுமப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சொத்து, சிகிச்சை, யாரைப் பார்க்க ஆசை என்று அவர் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கான நேரமும் அதில் போய்விடுகிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. உலக மருத்துவச் சங்கம் நோயாளி உரிமைகள் பற்றி 1981-இல் லிஸ்பனில் வெளியிட்ட பிரகடனம், தெரிந்துகொள்ளும் உரிமையோடு, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையையும் நோயாளிக்குத் தருகிறது. தன் சார்பில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருடையது. ஆகவே டாக்டர் அம்மாவிடமே கேட்கட்டும்: "ரிசல்ட் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் உங்களிடம் விளக்கமாகச் சொல்லட்டுமா, இல்லை பிள்ளைகளிடம் பேசினால் போதுமா?" "பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள்" என்று அவர் சொன்னால், நீங்கள் செய்வதற்கு அவருடைய சம்மதம் கிடைத்துவிடுகிறது. "என்னிடம் சொல்லுங்கள்" என்றால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

நான் நர்ஸ். என் தோழி எங்கள் மருத்துவமனையில்தான் அட்மிட் ஆகியிருக்கிறாள். கவலையாக இருக்கிறது. கணினியில் அவள் ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா?

கூடாது. அவளுக்குச் சிகிச்சை தரும் குழுவில் நீங்கள் இல்லை. யார், எப்போது, எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பது பெரும்பாலான மின்னணுப் பதிவேடுகளில் பதிவாகும். வேலை போகக்கூடும். வார்டுக்குப் போய் அவளையே பாருங்கள்.

என் தம்பிக்கு மனநோய்க்கான சிகிச்சை நடக்கிறது. மருந்தை நிறுத்திவிட்டான் என்று சந்தேகப்படுகிறேன். டாக்டரோ, "அவரைப் பற்றி எதுவும் பேச முடியாது" என்று போனை வைத்துவிட்டார்.

டாக்டர் சொல்லக் கூடாது என்பது சரி. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. காது கொடுத்துக் கேட்பதால் ரகசியம் மீறப்படுவதில்லை. இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் திரும்பிப் போகின்றன.

மறுபடி கூப்பிட்டு, "நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் சொல்வதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பியுங்கள். முடியாவிட்டால் கடிதமாகக் கொடுங்கள். "சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எத்தனை இரவாகத் தூங்கவில்லை, மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் இருக்கிறது, என்ன பேசுகிறான் என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். நீங்கள் பேசியது தம்பிக்குத் தெரியவரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். முடிந்தால் அவனிடமே, "உன் டாக்டரிடம் பேசப் போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது உறவைக் காப்பாற்றும்.

தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் கணக்கே வேறு. ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக நோயாளி சிகிச்சையாளரிடம் சொல்லியிருந்தும் அவளுக்கு எச்சரிக்கை போகாமல், அவள் கொல்லப்பட்டாள். டராசாஃப் வழக்கு என்று அறியப்படும் அதில், ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் பொறுப்பு சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. தம்பி சாவதைப் பற்றிப் பேசினால் டாக்டரின் பதிலுக்குக் காத்திருக்காமல் அவசர உதவியை அழையுங்கள்.

எனக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருப்பதாக ரிசல்ட் வந்திருக்கிறது. அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. நான் சொல்லியே ஆக வேண்டுமா?

யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரில் ஒருவரிடமிருந்து இது வந்திருந்தால், கூடப் பிறந்தவருக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அண்ணன் தம்பிகளுக்கும் அப்படியே. முன்பே தெரிந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோயைத் தவிர்க்கவோ சீக்கிரம் கண்டுபிடிக்கவோ வழி இருக்கிறது.

நேரில் பேச வேண்டும் என்றில்லை. மரபணு ஆலோசகரிடம் கேட்டால் உறவினருக்கான கடிதம் எழுதித் தருவார். உங்கள் சிகிச்சை விவரம் இல்லாமல், "பரிசோதித்துக்கொள்வது நல்லது" என்ற அளவில் அது இருக்கலாம். டாக்டர்களுக்கும் இது எளிதான விஷயமில்லை. பிள்ளைகளுக்கும் வரக்கூடிய பரம்பரை மூளை நோயான ஹண்டிங்டன் நோய் உள்ள தந்தை கர்ப்பிணி மகளிடம் சொல்ல மறுத்த வழக்கில், மகளின் நலனையும் தந்தையின் ரகசியத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும் கடமை டாக்டர்களுக்கு உண்டு என்று 2020-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் டாக்டர்கள் கடமை தவறவில்லை என்று முடிவானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாமாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கோபித்துக்கொண்டார். நல்லெண்ணத்தில்தானே செய்தேன்?

கோபம் நியாயமானது. அந்தப் படத்தில் அவர் பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். குழுவில் இருப்பவர் ஒருவர் வேறொருவருக்கு அனுப்பினால் அதன் பிறகு யாராலும் திரும்பப் பெற முடியாது. அழித்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள். இனி, அவர் என்ன வார்த்தையில் சொல்லச் சொல்கிறாரோ அதை மட்டும் எழுதுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். அவருடைய கேஸ் ஷீட் கேட்டால் கொடுப்பார்களா? இறந்தவருக்கு என்ன ரகசியம்?

உண்டு. டாக்டர்கள் ஏற்கும் ஜெனீவா உறுதிமொழி 1948-இல் எழுதப்பட்டது. நோயாளி இறந்த பிறகும் அவர் ரகசியத்தைக் காப்பேன் என்ற வாசகம் 1968-இல் அதில் சேர்ந்தது. ஹிப்பா விதிகள் இறந்து 50 ஆண்டுகள் வரை பாதுகாப்புத் தருகின்றன.

அதற்காக உங்களுக்குக் கதவு மூடப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வாரிசு அல்லது சட்டப்படியான பிரதிநிதி என்ற முறையில் எழுத்து மூலம் கேளுங்கள். காப்பீட்டுக்காகவா, மரணக் காரணம் தெரியவா, பரம்பரை நோய் பற்றி அறியவா என்பதைக் குறிப்பிடுங்கள். இறப்புச் சான்றிதழ், உறவை நிரூபிக்கும் ஆவணம், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்து மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.