படர்தாமரைக் களிம்பு: டியூபைத் திருப்பிப் பார்த்தீர்களா?

குன்னூருக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தேன். மழை பிடித்துத் துணி காயாத நாட்கள் வந்துவிட்டால், சொறிந்துகொண்டே வருகிறவர்களின் வரிசை வாசல்வரை நிற்கும். பூஞ்சைக் களிம்புகளைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தோலை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்ற இடங்களில் மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்; அதைத் தட்டிவிடாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டுகிறேன். அந்த இடத்திலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை. கடையில் கொடுத்த களிம்பில் மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. நான்கு மாதமாக இதே கதை.

மூன்றே நாளில் அடங்கியது என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. அவ்வளவு வேகமாக அரிப்பை அமுக்குவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள், அல்லது பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். குளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், டெர்பினஃபைன், லுலிகோனசோல் ஆகியவை பூஞ்சைக்கான மருந்துகள். கூடவே குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. குளோட்ரிமசோலும் குளோபெட்டசாலும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். வாயால் சொல்லி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. சிவப்பும் அரிப்பும் மறையும்; பூஞ்சையோ தடுப்பாரின்றிப் படரும். படர்தாமரை பொதுவாக வட்டமாக, ஓரம் தடித்துச் செதில் உதிர, நடுவில் தெளிந்து இருக்கும். ஸ்டீராய்டு பட்டபின் அந்த வட்டம் கலைந்து, மருத்துவருக்கே அடையாளம் பிடிபடாமல் போவதுண்டு.

இதே போன்ற களிம்பை எட்டு மாதம் தடவிய ஓர் இளைஞன் ஒருநாள் என் முன்னால் சட்டையைக் கழற்றினான். இரண்டு அக்குளிலும் கருஞ்சிவப்பாக, விரல் அகலத்தில் வரிவரியாகத் தோல் மெலிந்து கிடந்தது. "இது போய்விடுமா?" என்று கேட்டான். நிறம் மங்கும், கோடு முழுக்க மறையாது என்று அவனிடம் சொன்ன அந்த நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. நீங்கள் டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தியதும் அரிப்பு எகிறலாம். அதற்குப் பயந்து மறுபடி அதையே தடவாதீர்கள்.

குன்னூர்: குளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்புதான் வாங்கினேன் சார். எவ்வளவு, எத்தனை நாள்?

நல்லது. கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, காலையும் இரவும் தடவுங்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனி மடிப்புவரை பிதுக்கிய அளவு ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை வெளியேயும் தடவ வேண்டும், பூஞ்சை முன்னேறுவது ஓரத்தில்தான். தோல் தெளிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடருங்கள். மொத்தம் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நான்கு வாரத்திலும் அசையவில்லை என்றால் டியூபை மாற்றி மாற்றி வாங்காதீர்கள். டெர்பினஃபைனுக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஊட்டி: டிசம்பர் வந்தால் என் அம்மாவின் கால்விரல்கள் சிவந்து வீங்கி, அரித்து எரிகின்றன. சேற்றுப்புண் என்று களிம்பு போடுகிறோம். குறையவில்லை.

விரல் இடுக்கு வெளுத்து ஊறி, வாடை அடித்தால் சேற்றுப்புண். இடுக்கு சுத்தமாக இருந்து, விரலின் மேல்புறமும் நுனியும் நீலம் கலந்த சிவப்பாக வீங்கினால், குளிரால் வரும் வீக்கமாக இருக்கலாம். உறைபனி இறங்கும் நம் மலையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பூஞ்சைக் களிம்பு இதற்கு உதவாது. காய்ந்த கம்பளிக் காலுறை போடச் சொல்லுங்கள். மரத்த காலை நேராக நெருப்பருகிலோ வெந்நீரிலோ வைக்க விடாதீர்கள்; மெல்ல மெல்லத்தான் சூடேற வேண்டும். புண்ணானாலோ, அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மஞ்சூர்: கணவரின் முதுகில் வெளுத்த திட்டுகள். தேமல்தானே?

இருக்கலாம். ஆனால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டின் மேல் தொடுங்கள். உணர்ச்சி இல்லை என்றால் களிம்பு வேண்டாம். தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், முழுமையாகக் குணமாகும். உணர்ச்சி இருந்து, சுரண்டினால் மாவுபோல உதிர்ந்தால் தேமலாகவே இருக்கும். அது குணமான பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும்.

கூடலூர்: வீட்டில் நான்கு பேருக்கும் இருக்கிறது. மழையில் துணியே காய்வதில்லை. என்ன செய்வது?

நால்வருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வரும். துண்டும் உள்ளாடையும் தனித்தனியாக இருக்கட்டும். துணியை வெந்நீரில் துவைத்து, முழுதாகக் காயாவிட்டால் உள்புறம் திருப்பி இஸ்திரி போடுங்கள். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பவர்கள் கவனியுங்கள்: களிம்பின் எண்ணெய்ப் பசை ஊறிய துணி எளிதில் தீப்பற்றும்.

கோத்தகிரி: கர்ப்பமாக இருக்கிறேன். தடவலாமா?

குளோட்ரிமசோல் களிம்பு தோலில் தடவப் பாதுகாப்பானது என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தடவுங்கள். பூஞ்சைக்கான மாத்திரையை நீங்களாக வாங்கவே கூடாது.

குன்னூர்: என் களிம்பில் ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன், குளோபெட்டசால் என்று போட்டிருக்கிறது. நான்கு மருந்து சேர்ந்திருப்பதால் நல்லதுதானே ஐயா?

அந்த நான்காவது பெயரைப் பாருங்கள் தம்பி. அதைத்தான் மேலே கோத்தகிரி சகோதரிக்கு எழுதினேன். எத்தனை வாரமாகத் தடவுகிறீர்கள், எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.