கலைக் கல்லூரி வளாகத்தில் சூழலுக்கு உகந்த ஸ்டூடியோக்களைக் கட்டுவது எப்படி?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு கலைக் கல்லூரியின் கட்டடக் குழுவில் இருக்கிறார் போலிருக்கிறது. ஓவியம், சிற்பம், சுடுமண், அச்சு என்று நான்கு துறைகளுக்கும் புது ஸ்டூடியோ கட்டப் போகிறார்கள், சூழலைக் கெடுக்காமல் எப்படிக் கட்டுவது என்கிறார். படித்ததும் சிரிப்பு வந்தது. இதே கேள்விக்கு ஒரு தடவை தப்பான விடையைச் செங்கல்லிலேயே எழுதிவிட்டு வந்தவன் நான். தொழில் கட்டட வடிவமைப்பு. சென்னைக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு சிறிய கலைப் பள்ளிக்கு இரண்டு ஸ்டூடியோ கட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கும் ஆபீசுக்கும் சொல்லப்படும் பசுமைக் கட்டட விதிகள் ஸ்டூடியோவில் பாதிதான் செல்லும். மீதியை உள்ளே நடக்கிற வேலைதான் தீர்மானிக்கும். இது எனக்கு முதல் கட்டடத்தில் தெரியவில்லை.

அதை எலிப்பொறிக் கட்டில் எழுப்பினேன். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காற்றறை விட்டுக் கட்டும் முறை. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பியது. வழக்கமான 9 அங்குலச் சுவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 25 சதவீதம் செங்கல் மிச்சமாகும், நடுவில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். பெயரைச் சொன்னதும் எங்கள் கொத்தனார், "எலிக்கா சார் வீடு கட்டுறோம்?" என்றார். முதல் நாலு வரிசை வரை அவருக்கு நம்பிக்கையே இல்லை. பூசவும் இல்லை, உள்ளும் வெளியும் செங்கல் தெரியும்படி விட்டுவிட்டோம். பூச்சு இல்லை, பெயின்ட் இல்லை, சிமென்ட் மிச்சம். அழகாகவும் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஓவிய ஆசிரியர் கூப்பிட்டு விட்டார். ஒரு மாணவியின் கேன்வாஸை அதைத் தாங்கும் மரச் சட்டத்தோடு சுவரோரமாக நிறுத்தி, மாடலாக உட்கார்ந்திருந்த பெரியவரை ஜன்னல் பக்கம் காட்டினார். "முகத்தைப் பாருங்க தம்பி, சரியா இருக்கா?" இருந்தது. அப்புறம் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். வெளிச்சத்தில் அதே முகம் பச்சை பாய்ந்து, நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவர் முகம் மாதிரி இருந்தது. விஷயம் இதுதான்: செங்கல் சுவர் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் சிவப்பு. அது கேன்வாஸ் மேல் விழுகிறது. மாடலோ ஜன்னலோர வெள்ளை வெளிச்சத்தில் இருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று அந்தப் பெண் தன்னையறியாமல் பச்சையும் நீலமும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாள். ஓவியம் தீட்டும் அறையில் உட்சுவர் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த வாரமே உள்ளே சுண்ணாம்பு அடித்தோம். கொத்தனார் முகத்தில் ஒரு திருப்தி.

ஜன்னலிலும் ஒரு தப்பு செய்தேன். ஓவியர்களுக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாடம் ஐரோப்பாவில் எழுதியது. அங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து வரும். ஜூன் 21 அன்று சுமார் 10 டிகிரி. ரம்பப்பல் மாதிரி கூரை போட்டு, வடக்கே பார்த்த கண்ணாடியைப் புத்தகத்தில் உள்ளபடி மல்லாக்கச் சாய்த்து வைத்தால், கோடையில் ஓவிய வகுப்பு அடுப்பங்கரையாகிவிடும். கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நாலடி உயர ஜன்னலுக்கு ஒன்பது அங்குலச் சன்ஷேட் போதும், நண்பகல் வெயில் உள்ளே வராது. காலையிலும் சாயங்காலத்திலும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து சாய்வாக வருவதைத் தடுக்க ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்துத் தடுப்பு வேண்டும். செலவு அதிகமில்லை, வரைபடத்திலேயே யோசித்துவிட்டால்.

சரி, மண் கட்டடம். கலைக் கல்லூரி என்றதும் எல்லாரும் இதைக் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 1919இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலைக் கல்லூரியான கலாபவனில் 'காலோ பாரி' என்று ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. கறுப்பு வீடு என்று அர்த்தம். மண் சுவர், மேலே தார்ப் பூச்சு. சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள், ஓவியர் நந்தலால் போஸ், சிற்பி ராம்கிங்கர் பைஜ் ஆகியோரின் வழிகாட்டலில் மாணவர்களே செய்தவை. பக்கத்தில் தாகூருக்காக 1935இல் எழுப்பிய 'சியாமளி' வீட்டுக்கு மண்ணிலேயே கூரையும் போட்டுப் பார்த்தார்கள். எனக்கு இதில் பிடித்தது மண்ணைவிட, கட்டும் வேலையே பாடமாக இருந்தது என்பது. இப்போது நாம் என்ன செய்கிறோம்? தகரத் தட்டி வைத்து மறைத்து, ஒரு வருஷம் கழித்துச் சாவியைக் கொடுக்கிறோம். சிற்பத் துறை மாணவர்களுக்கு ஒரே ஒரு சுவரையாவது விட்டுக்கொடுங்கள்.

இன்றைக்கு மண் வேலைக்கு நடைமுறையில் எளிதானது அழுத்திய மண் கல். செம்மண்ணோடு 5 சதவீதம் அளவுக்குச் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி எடுத்து, நனைத்து ஆற விடுவார்கள். சூளையில் வேகவைக்க வேண்டாம், விறகு மிச்சம். ஆரோவில் மண் கட்டடக் கழகம் இதில் பல வருஷமாகப் பயிற்சி தருகிறது. ஆனால் ஒன்று, ஸ்டூடியோ சுவரை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஆணி அடிப்பார்கள், படம் மாட்டுவார்கள், கழற்றுவார்கள், பக்கத்தில் மறுபடி அடிப்பார்கள். மண் கல் விளிம்பு உதிர்ந்து, இரண்டு வருஷத்தில் அம்மை வந்த மாதிரி ஆகிவிடும். கட்டும்போதே சுவரில் இரண்டு வரிசை மரச் சட்டம் பதித்து, அதன்மேல் பிளைவுட் பலகை அடித்துவிடுங்கள். பலகை கெட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து சுடுமண் துறை. சூளையை எக்காரணம் கொண்டும் பிரதான கட்டடத்துக்குள் வைக்காதீர்கள். ஸ்டோன்வேர் என்கிற கெட்டியான வகைப் பாண்டங்களுக்கு 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டியிருக்கும். அந்தச் சூட்டை உள்ளே விட்டுவிட்டு ஏசி போட்டு வெளியேற்றுவது அபத்தம். சற்றுத் தள்ளி, நாலு பக்கமும் திறந்த ஓட்டுக் கொட்டகை போதும். சூளைச் சூட்டை வைத்தே கட்டடம் கட்டிய கதையும் நம் பக்கத்தில் உண்டு. புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரே மீக்கர், பின்னாளில் சுடாத மண் கல்லால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல்லும் பாண்டமும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டெடுத்தார். சுவரும் வெந்தது, உள்ளே இருந்த சரக்கும் வெந்தது. அதை அப்படியே பின்பற்றச் சொல்லமாட்டேன், எரிபொருள் கணக்கு எளிதில் கட்டிவராது. ஆனாலும் வீணாகப் போகும் சூடு எங்கே போகிறது என்று யோசிக்க வைக்கும்.

அப்புறம் சாக்கடை. கல்லூரி நிர்வாகம் எதுவும் இதைப் பற்றிக் கேட்பதில்லை, என்னைக் கேட்டால் கூரையைவிட இதுதான் முக்கியம். திறந்து இரண்டே மாதத்தில் சிற்பத் துறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. பிளம்பர் குழாயை அறுத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, தொடை எலும்பு போல ஒரு கட்டி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீருக்குள்ளேயும் இறுகும். பிள்ளைகள் வாளியை நேராகத் தொட்டியில் கழுவியிருக்கிறார்கள். அறுத்த துண்டை ஒரு பீடத்தில் வைத்துக் காட்சிப் பொருளாக்கிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

பிறகு வெளியே மூன்று அறை கொண்ட வண்டல் தொட்டி கட்டினோம். கையும் கருவியும் முதலில் வாளியில் கழுவ வேண்டும், அப்புறம்தான் குழாயடி. களிமண் முதல் அறையில் தங்கும், அள்ளிப் பிளாஸ்டர் பலகையில் பரப்பினால் ஈரம் இறங்கித் திரும்பப் பிசையலாம். பிளாஸ்டர் வாளியை மட்டும் தனியாக வையுங்கள். களிமண்ணில் பிளாஸ்டர் துணுக்கு கலந்தால், சுட்ட பிறகு அந்த இடம் பெயர்ந்துவிடும். கிளேஸ், அதாவது பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் பளபளப்புப் பூச்சு, கழுவிய தண்ணீரும் தனி. அதில் செம்பு, கோபால்ட், மாங்கனீஸ் எல்லாம் இருக்கும், தோட்டத்துக்கு விடக்கூடாது. தெளியவைத்து, அடியில் தங்குவதை ஒன்றாகக் கலந்து இன்னொரு கிளேஸாகப் பயன்படுத்தலாம். என்ன நிறம் வரும் என்பது சூளையைத் திறந்தால்தான் தெரியும்.

அச்சுத் துறையில் எட்சிங்குக்கு, அதாவது உலோகத் தகட்டை அரித்துப் படம் செதுக்க, நைட்ரிக் அமிலம் வைத்திருந்தால், உலோகத்தோடு சேர்ந்து பழுப்பு நிற நச்சுப் புகை கிளம்பும். செம்புத் தகட்டுக்கு ஃபெரிக் குளோரைடுக்கு மாறினால் அந்தப் புகை இல்லை. ஆனால் தீர்ந்த திரவத்தில் செம்பு கரைந்திருக்கும், கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். மை துடைக்க மண்ணெண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெயே போதும். ஓவிய அறையில் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டப்பா ஒன்று வாங்கி வையுங்கள்.

சோலார் பேனலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எப்படியும் அதைப் போடத்தான் போகிறீர்கள். ரம்பப்பல் கூரையில் கண்ணாடி வடக்கே பார்த்தால் சரிவு தெற்கே பார்க்கும், பேனலுக்கு வாகான இடம். சென்னை அட்சரேகைக்குச் சரிவு 13 டிகிரியை ஒட்டி இருந்தால் சரி. நான் 30 டிகிரி வைத்துவிட்டேன், அதுவும் அதே ஐரோப்பியப் புத்தகத்தின் புண்ணியம். பேனல் மாட்ட வந்த பையன் ஏணியில் நின்றபடி கூரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டிசைன் யாரு சார்?" என்று கேட்டான். போன் வந்த மாதிரி நகர்ந்துவிட்டேன்.