ஜி.எஸ்.டி. சான்றிதழில் பெயர் வந்துவிட்டது, போதாதா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே மசாலாப் பொடியும் மரச்செக்கு எண்ணெயும் விற்கிறேன். 'ஆழாக்கு' என்று பெயர் வைத்திருக்கிறேன். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி. இரண்டுமே அந்தப் பெயரில் கிடைத்துவிட்டன. கவர் அச்சடிக்கக் கொடுக்கலாமா?

பதில்: கவர் ஆர்டரை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்தப் பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று உத்யத்திலும் பார்ப்பதில்லை, ஜி.எஸ்.டி.யிலும் பார்ப்பதில்லை. உங்கள் ஜி.எஸ்.டி. சான்றிதழையே எடுத்துப் பாருங்கள். 'லீகல் நேம்' என்ற இடத்தில் பான் கார்டில் உள்ள உங்கள் பெயர் இருக்கும். 'டிரேடு நேம்' என்ற இடத்தில் இருப்பது நீங்களே தட்டச்சு செய்து கொடுத்தது. பக்கத்துத் தெருக்காரர் நாளைக்கு அதே பெயரில் வாங்கினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.

பார்க்க வேண்டிய இடம் டிரேட்மார்க், அதாவது வணிகக் குறிப் பதிவேடு. ஐ.பி. இந்தியா இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் தேடலாம். பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மசாலாப் பொடி 30-ல் வரும், சமையல் எண்ணெய் 29-ல். சொந்தக் கடை போட்டு அடுத்தவர் சரக்கையும் விற்கும் யோசனை இருந்தால் 35-ஐயும் பார்த்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்தத் தேடலில்தான். தேடுவது ஆங்கில எழுத்தில். 'ஆழாக்கு' என்பதை நீங்கள் ஒரு மாதிரி எழுதுவீர்கள், விண்ணப்பித்தவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். முதல் எழுத்துக்கு ஒருவர் ஒரு 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு. ழகரத்துக்குச் சிலர் 'இசட் எச்', சிலர் வெறும் 'எல்'. கடைசியில் ஒரு 'கே'யா, இரண்டா? இத்தனையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் 'ஸ்டார்ட் வித்' என்று இருந்தால் 'கன்டெய்ன்ஸ்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 'நம்ம ஆழாக்கு', 'ஸ்ரீ ஆழாக்கு' எல்லாம் கண்ணில் படாது. உச்சரிப்பை வைத்துத் தேடும் 'ஃபொனெடிக்' வசதியும் இருக்கிறது. அப்புறம், 'உழக்கு' என்றும் ஒரு தடவை தேடுங்கள். பழைய முகத்தல் அளவில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவசரத்தில் பாக்கெட் எடுப்பவருக்கு இரண்டும் குழம்பலாம். சட்டம் கேட்பதும் அதைத்தான்: எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்பதல்ல, சாதாரண வாடிக்கையாளர் ஏமாறுவாரா என்பது.

தேடலில் ஏதாவது கிடைத்தால் உடனே மனசு விட்டுவிட வேண்டாம், அதன் நிலையைப் பாருங்கள். 'ரிஜிஸ்டர்டு' என்றால், அதே வகுப்பிலோ ஒட்டிய பொருளிலோ அந்தப் பெயரை விட்டுவிடுவது நல்லது. 'அபாண்டன்டு' என்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டது, அவ்வளவுதான். அவர் வியாபாரத்தையும் கைவிட்டார் என்று அர்த்தமில்லை.

ஏனென்றால் பதிவே செய்யாமல் முன்பிருந்தே விற்பவருக்கும் உரிமை உண்டு. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரை வைத்திருந்தவர்களிடமும் பதிவு இருந்தது. அந்தப் பெயரின் முன்னால் 'திருநெல்வேலி' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டவரிடமும் இருந்தது. பதிவைவிட முன்பயன்பாடே பெரிது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. பின்னால் வந்தவரின் பதிவுச் சான்றிதழ் அவரைக் காப்பாற்றவில்லை. அதனால் இன்ஸ்டாகிராம், அமேசான், கூகுள் மேப் எல்லாவற்றிலும் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுப் பாருங்கள். கடைவீதியில் மொத்த மளிகைக்காரர் ஒருவரிடமும் கேட்டுவிடுங்கள். எந்த இணையதளத்திலும் இல்லாத பிராண்டுகூட அவர் அலமாரியில் இருக்கும்.

பிரைவேட் லிமிடெட் ஆக்குவதாக இருந்தால் மட்டும் கம்பெனிகள் பதிவகம் குறுக்கே வரும். ஸ்பைஸ் பிளஸ் படிவத்தில் 1,000 ரூபாய் கட்டி இரண்டு பெயர் வரை கேட்கலாம். ஒப்புதல் கிடைத்தால் 20 நாள் உங்களுக்காக ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் கம்பெனிப் பெயர் கிடைத்தது என்பதற்காக டிரேட்மார்க் உரிமை வந்துவிடாது.

'ஆழாக்கு' கிடைக்காமல் போனால் சிலர் 'ஈரோடு மஞ்சள்' மாதிரி ஊர்ப்பெயருக்குத் தாவுவார்கள். வேண்டாம். 'ஈரோடு மஞ்சள்' 2019-லேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது, அதைத் தனி ஒருவர் பிராண்டாக்க முடியாது. 'சுத்தமான மசாலா' போல பொருளை விவரிப்பதோடு நிற்கும் பெயருக்கும் பதிவு கிடைப்பது கஷ்டம்.

தேடல் சுத்தமாக இருந்தால் டிஎம்-ஏ படிவத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உங்களுக்கு 29, 30 இரண்டும் வேண்டும், ஆக 9,000. கம்பெனியாக இருந்தாலும் உத்யம் சான்றிதழைக் காட்டினால் இதே சலுகைக் கட்டணம்தான்; சான்றிதழ் இல்லாவிட்டால் இரட்டிப்பு. டிரேட்மார்க் பதிவகத்தின் இதழில் விளம்பரமான பிறகு ஆட்சேபம் சொல்ல மற்றவர்களுக்கு 4 மாதம் அவகாசம் உண்டு. யாரும் வராவிட்டால் பதிவு. 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

அதுவரை கவரில் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் 'ஆர்' வேண்டாம். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது சட்டவிரோதம். டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவில் முன்பு 3 ஆண்டு வரை சிறைக்கே இடமிருந்தது; 2024 முதல் அதற்குப் பதிலாகப் பண அபராதம். கவர் டிசைன் செய்பவர் அழகுக்காக அதைச் சேர்த்துவிடுவார், புரூஃப் வந்ததும் அந்த மூலையைப் பார்த்துவிடுங்கள்.